சித்தி அளவெடுத்த அறுபது முகங்கள்

என் சித்தி தினமும் நாலைந்து பேர் முகத்தில் வெந்நீர் சொட்டும் பிளாஸ்டிக்கை வைத்து அழுத்துவாள். அதற்கு மாதச் சம்பளம் தருகிறார்கள், கையெடுத்தும் கும்பிடுகிறார்கள். நான் ஒரே ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில், அதுவும் வெறும் பச்சைத் தண்ணீரை, தோட்டக் குழாயால் பீய்ச்சியதற்கு ஒரு வாரம் பஞ்சாயத்து நடந்தது. யார் செய்தால் எது சேவை என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சித்தி வேலை பார்ப்பது புற்றுநோய் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில். அங்கே கதிர்வீச்சு கொடுக்கும் மெஷின் அறைக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. அதில் ஒரு தட்டைத் தொட்டி, எப்போதும் ஆவி பறக்கும் வெந்நீர். ஓட்டை ஓட்டையாக வலை மாதிரி இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தகட்டை அதில் போட்டால், கண்ணாடி போலத் தெளிந்து ஈரத்துணியாய்த் தொங்கும். உடனே எடுத்து, உதறி, படுத்திருப்பவரின் முகத்தில் விரித்து, மூக்கு, தாடை, கழுத்து என்று ஒவ்வொரு மடிப்பிலும் விரலால் ஒட்ட இழுக்க வேண்டும். பத்து நிமிடத்தில் மறுபடி வெளுக்கும். வெளுத்தால் இறுகிவிட்டது என்று பொருள். அப்புறம் அந்த ஆளின் முகம் அந்த ஆளுக்கு மட்டும்தான் பொருந்தும்.

அந்தப் பத்து நிமிடமும் படுத்திருப்பவர் வாயைத் திறக்க முடியாது. சித்தி திறந்த வாயை மூட மாட்டாள். எங்கள் வீட்டுக் கதை மொத்தமும் அங்கேதான் அரங்கேறும்.

"மூக்கு அரிக்குதா? இப்பதான் அரிக்கும். சொறிய முடியாதப்பதான் அதுக்கு ஞாபகம் வரும். கேளுங்க, எங்க அக்கா புள்ள ஒண்ணு இருக்கு..." என்று ஆரம்பிப்பாளாம். முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான பேருக்கு என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் தெரியும் என்று நினைத்தாலே எனக்குக் கூசுகிறது.

இந்த வேலைக்கு வருமுன் அவள் ஒரு தையல் கடையில் பதினோரு வருடம் இருந்தாள். மருத்துவமனைக்குப் படுக்கை உறை தைத்துக் கொடுக்கப் போனவளின் விரல்களைப் பார்த்துவிட்டு, "முகத்துக்கு அளவெடுப்பீங்களா?" என்று கேட்டு உள்ளே இழுத்துப் போட்டவர் பெரிய டாக்டரம்மா. நரைத்த கிராப்பு, தேய்ந்த செருப்பு, சிரிப்பை அளந்து செலவழிக்கும் ஆள்.

பெரிய டாக்டரம்மாவின் ஆராய்ச்சி மூக்குக்குப் பின்னால் வரும் கட்டியைப் பற்றியது. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மூக்கு முடிகிற இடத்துக்குப் பின்னால், உள்நாக்குக்கு மேலே, ஒரு சின்ன அறை மாதிரி இடம் இருக்கிறது. அங்கே கட்டி வந்தால் வெளியே எதுவும் தெரியாது. ஒரு காது அடைத்த மாதிரி இருக்கும். மூக்குச் சளியில் ரத்தக் கீற்று வரும். கழுத்தில் கழலை தலைகாட்டும்போதுதான் விஷயம் தெரியும். கத்தி நுழைய வசதியில்லாத இடம். மேலே மூளை, பக்கத்தில் கண் நரம்பு. அதனால் கதிர்வீச்சுதான் முக்கிய வைத்தியம். கூடவே மருந்தும் ஏற்றுவார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் முப்பத்தைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் முகம் துளி அசையக் கூடாது. அதற்குத்தான் சித்தியின் வலை.

இதில் ஒரு வம்பு. காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் எச்சில் சுரப்பிகள் இருக்கின்றன. கட்டியைச் சுடும் கதிர் அவற்றையும் சுட்டுவிட்டால், கட்டி போகும், கூடவே எச்சிலும் போகும். தண்ணீர் பாட்டிலும் கையுமாகக் காலம் தள்ள வேண்டும். ரொட்டி தொண்டையில் மணலாக நிற்கும். புது மெஷினால் கதிரை வளைத்து வளைத்து அனுப்பி அந்தச் சுரப்பிகளைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. அறுபது நோயாளிகள். வைத்தியத்துக்கு முன்னும், ஓராண்டு கழித்தும், ஒரு கோப்பையில் ஐந்து நிமிடம் துப்பச் சொல்லி எடை போடுவார்கள். நான் மாடியிலிருந்து துப்பினால் உதை. அங்கே துப்பினால் ஆராய்ச்சி.

அறுபது பேருக்கும் கட்டி கரைந்தது. எச்சில் விஷயத்தில்தான் இடித்தது. முப்பத்திரண்டு பேருக்கு வாய் ஈரமாக இருந்தது. இருபத்தெட்டுப் பேருக்கு வறண்டுவிட்டது. கம்ப்யூட்டர் கணக்குப்படி எல்லோருக்கும் ஈரமாக இருந்திருக்க வேண்டும். ஏன் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. இரண்டு மாதத்துக்குள் காரணம் சொல்லாவிட்டால் ஆராய்ச்சியை இழுத்து மூடிவிட்டு, எல்லோரும் பழைய முறைக்கே திரும்ப வேண்டும் என்று மேலிடக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஏலக்காரர் வந்து சேர்ந்தார்.

காய்கறி மொத்தச் சந்தையில் விடியற்காலை மூட்டைகளை ஏலம் விடுகிறவர். பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய குரல். மூச்சு விடாமல் நூறு வார்த்தை கொட்டுவார். வந்த அன்றைக்கே சித்தியிடம் கேட்டாராம்.

"தங்கச்சி, கட்டி போயிடும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க, நம்புறேன். ஆனா வாய் காஞ்சிருமாமே? வறண்ட வாயோட ஏலம் விட்டா, மூணாவது தரம் சொல்றதுக்குள்ள மூட்டை முளைச்சிரும்."

"முதல்ல அசையாமப் படுங்கண்ணே. உங்க மூக்குக்கே தகட்டுல பாதி போகும் போலிருக்கு."

"என் சம்சாரமும் இதையேதான் சொல்றா. இங்க வந்தும் அதே பாட்டா?"

வலை இறுகும் வரை பத்து நிமிடம் அவர் பேசாமல் கிடந்தது அவர் வாழ்நாள் சாதனை என்று, வெளியே உட்கார்ந்திருந்த அவர் மனைவி சொன்னாராம்.

இப்போது சித்தியின் ஸ்பாஞ்ச் ரகசியத்தைச் சொல்ல வேண்டும். ரகசியம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. எல்லோருக்கும் தெரியும், யாரும் யோசித்ததில்லை.

வைத்தியம் நடுவே நோயாளிகள் இளைப்பார்கள். விழுங்க முடியாது, சாப்பாடு இறங்காது. மூன்றாவது வாரத்தில் கன்னமும் கழுத்தும் வற்றி, வலை லொடலொட என்று ஆடும். புதிதாக வலை செய்தால் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும், மறுபடி கணக்குப் போட வேண்டும், வரிசை தள்ளிப்போகும். அதனால் சித்தி என்ன செய்வாளென்றால், படுக்கைக்கு வெட்டி மிஞ்சிய ஸ்பாஞ்சைச் சின்னச் சதுரமாக நறுக்கி வலையின் உள்பக்கம் ஒட்டிவிடுவாள். வலை கச்சிதமாகிவிடும். நோயாளிக்கு முகம் ஆடாது. மெஷின் ஓட்டும் தம்பிக்கு வேலை ஓடும். வலிக்காமல் இருக்கட்டுமே என்று அவள் பிரியமாகச் செய்த காரியம் அது. செய் என்று யாரும் சொன்னதில்லை, செய்யாதே என்றும் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

ஏலக்காரருக்குப் பதினைந்து தடவை முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. எட்டு கிலோ இறங்கியிருந்தார். தொந்தி போன இடத்தைச் சட்டை தேடிக்கொண்டிருந்தது. மெஷின் அறையிலிருந்து எழுந்து வந்தவர், வலையைச் சித்தியிடம் நீட்டினார்.

"மொத வாரம் இது என்னைப் புடிச்சு வச்சிருந்துச்சு தங்கச்சி. இப்ப நான்தான் இதைப் புடிச்சு வச்சிருக்கேன்."

மெஷின் தம்பி உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். "அக்கா, வழக்கம்போல ரெண்டு வச்சு ஒட்டிருங்க. திங்கக்கிழமைக்கு ரெடியா இருக்கட்டும்."

சித்தி கத்தரிக்கோலையும் ஸ்பாஞ்சையும் எடுத்தாள். அவ்வளவுதான், கை நின்றுவிட்டது.

காரணம், அன்று காலையில் பார்த்த ஒரு வாத்தியார். ஆராய்ச்சியில் இருந்த அறுபது பேரில் ஒருவர். ஓராண்டு எடை முடிந்திருந்தும், காரணம் தேடி மறுபடி துப்பச் சொல்லி அழைத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் முயன்றுவிட்டு, கோப்பையைக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தார். "பூஜ்யம்மா. பசங்களுக்கு எத்தனையோ போட்டிருக்கேன். இப்பதான் எனக்கு ஒருத்தர் போட்டிருக்காங்க." அவர் வலை சித்திக்கு நன்றாக நினைவிருந்தது. அதில் நான்கு ஸ்பாஞ்ச்.

இரண்டாவது காரணம், பதினோரு வருடத் தையல். சட்டை தைக்கக் கொடுத்தவர் இளைத்துப்போய் வந்து நின்றால், உள்ளே துணியை அடைத்தா அனுப்புவார்கள்? நாடாவை எடுத்து மறுபடி அளவெடுப்பார்கள். துணிக்கு ஒருநாளும் செய்யாததை நான் முகத்துக்குச் செய்துகொண்டிருக்கிறேனே என்று அவளுக்கு அந்த நொடியில் உறைத்ததாம்.

ஸ்பாஞ்சைக் கீழே வைத்துவிட்டு நேராகச் சாமான் அறைக்குப் போனாள். ஆராய்ச்சி முடியும்வரை எந்த வலையையும் தூக்கிப் போடக் கூடாது என்பது விதி. அறுபதும் ஆணியில் தொங்கின. அறுபது வெள்ளை முகங்கள், கண் மூடி, சுவர் முழுக்க. ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி உள்பக்கம் பார்த்தாள். பலதில் ஸ்பாஞ்ச் இருந்தது. சிலதில் விழுந்துபோய்ப் பசைத்தழும்பு மட்டும் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவளிடம் டீ கொடுத்தேன். வழக்கமான வரவேற்பாக அதில் சர்க்கரைக்குப் பதில் இரண்டு ஸ்பூன் உப்பு. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு" என்று தம்ளரைக் கீழே வைத்தாள். அப்புறம் யாரும் கேட்காமலே இன்னொரு டீ போட்டுக் கொடுத்தேன், ஒழுங்கானது.

விஷயத்தைக் கேட்டதும் அம்மா குதித்தாள். "உனக்கென்ன பைத்தியமா? யாரும் உன்னைக் கேக்கல. நீயாப் போய் நான்தான் பண்ணேன்னு நிக்கப் போறியா?"

"அவங்க மாசக்கணக்காக் காரணத்தைத் தேடுறாங்கக்கா. காரணம் என் கத்தரிக்கோல்ல இருக்கு."

"வேலையை விட்டுத் தூக்கிட்டா?" இது அப்பா.

"தையல் மெஷின் கட்டிலுக்கு அடியிலதான கிடக்கு மாமா. எண்ணெய் விட்டா ஓடும்."

"எப்படியும் வேற யாராச்சும் கண்டுபிடிப்பாங்கடி," என்றாள் அம்மா, குரல் இறங்கி.

"எப்போ? திங்கக்கிழமைக்குள்ளயா? அந்த மனுசனுக்கு இன்னும் இருபது தடவை பாக்கி. இப்பச் சொன்னா அவருக்கு வாய் மிஞ்சும். நான் யோசிச்சு யோசிச்சு அடுத்த மாசம் சொன்னா, எனக்கு வேலை மட்டும்தான் மிஞ்சும்."

ஞாயிற்றுக்கிழமை யாரோ அந்தத் தையல் மெஷினைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, தூசி தட்டி, எண்ணெய் விட்டு வைத்திருந்தார்கள். யார் என்று வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. என் சட்டையில் எண்ணெய்க் கறை இருந்தது வேறு விஷயம்.

திங்கட்கிழமை காலை சித்தி பெரிய டாக்டரம்மாவின் மேஜைமேல் ஏலக்காரரின் வலையையும் ஒரு துண்டு ஸ்பாஞ்சையும் வைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். அறையில் இன்னொருவரும் இருந்தார். கதிர் எங்கே பாய வேண்டும், எங்கே பாயக் கூடாது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவர். எல்லோருக்கும் கணக்கு சார்.

கணக்கு சாருக்குக் கோபம். "தினமும் படம் எடுத்துப் பாத்துட்டுத்தானம்மா கதிர் விடுறோம்? எலும்பு ஒரு மில்லிமீட்டர் தள்ளல. வலை தளர்ந்தா என்ன, தளராட்டி என்ன?"

"எலும்பு இளைக்காது சார். சதைதான் இளைக்கும். நீங்க காப்பாத்தணும்னு வரைஞ்சு வச்ச சுரப்பி சதைல இருக்கா, எலும்புல இருக்கா?"

கணக்கு சார் மேஜைமேல் இருந்த வலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அவங்க கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க," என்றார் டாக்டரம்மா. பதிலுக்குக் காத்திராமல் எழுந்தார். "ஏலக்காரருக்கு இன்னிக்குக் கதிர் வேணாம். முதல்ல ஸ்கேன் எடுங்க. அது வர்றதுக்குள்ள அந்த அறுபதையும் இங்க கொண்டு வாங்க."

அங்கே நடந்ததை மெஷின் தம்பி எனக்கு மூன்று தடவை நடித்துக் காட்டியிருக்கிறான். வலைகளில் இருந்த பெயரையும் எண்ணையும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி மறைத்தார்கள். வரிசையைக் கலைத்தார்கள். சித்தி உள்பக்கத்தை மட்டும் பார்த்து, யாருக்கு வாய் வறண்டிருக்கும், யாருக்கு ஈரமாக இருக்கும் என்று இரண்டு வரிசையாகத் தரையில் அடுக்க வேண்டும். கோப்பை எடைகள் எழுதிய கோப்பு டாக்டரம்மா கையில். சித்தி அதைப் பார்த்ததே கிடையாது.

முக்கால் மணி நேரம். பசைத்தழும்பை நகத்தால் தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அறுபதையும் அடுக்கி முடித்தாள். அப்புறம் டாக்டரம்மா ஒவ்வொரு பிளாஸ்திரியாகப் பிரித்து எண்ணைப் படிக்க, கணக்கு சார் கோப்பைப் பார்த்துச் சொன்னார்.

"வறட்சி. சரி." "ஈரம். சரி." "ஈரம். சரி." "வறட்சி... இல்ல, இது தப்பு." "சரி." "சரி."

இருபதைத் தாண்டியதும் வராந்தாவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நாற்பதைத் தாண்டியதும் வாசலில் இடமில்லை. கடைசி வலையைப் பிரித்தபோது கணக்கு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார், "அறுபதுக்கு அம்பத்து மூணு."

எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் வாங்காத மதிப்பெண்.

சித்தி சிரிக்கவில்லை. "அப்போ என் ஸ்பாஞ்சாலதான இத்தனை பேருக்கு..." என்று தொடங்கியவளை டாக்டரம்மா கையமர்த்தினார்.

"ஸ்பாஞ்ச் யாரையும் சுடல. அவங்க இளைச்சதை அந்த வலை எங்ககிட்டச் சொல்ல வந்துச்சு. ஸ்பாஞ்ச் அது வாயை அடைச்சிருச்சு. உள்ள என்ன இருக்குன்னு திருப்பிப் பாக்காம விட்டது நான். இந்த அறுபதும் என் ஆராய்ச்சியோட பக்கங்கள். நான் படிக்கவே இல்ல."

சாயங்காலம் ஏலக்காரரின் ஸ்கேன் வந்தது. கழுத்துக் கழலை கரைந்து, கன்னம் வற்றி, இரண்டு சுரப்பிகளும் சுருங்கி உள்பக்கமாகச் சரிந்திருந்தன. பழைய கணக்கோடு போயிருந்தால் மீதி இருபது தடவையும் கதிர் நேராக அவற்றின் மேல்தான். கணக்கு சார் இரண்டே நாளில் புதுக்கணக்குப் போட்டார். சித்தி புது வலை இழுத்தாள்.

"இப்ப மூக்கு சின்னதாயிருச்சாம்மா?" என்றார் ஏலக்காரர்.

"மத்ததெல்லாம் சின்னதாயிருச்சுண்ணே. அது மட்டும் அப்படியேதான் இருக்கு."

வாத்தியாரைத் தேடிப்போய்ச் சித்தி உண்மையைச் சொன்னாள். அது அவளுக்குத் திங்கட்கிழமையை விடக் கஷ்டமாக இருந்ததாம். அவர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார்.

"எத்தனை மார்க்கு வாங்குனீங்க?"

"அம்பத்து மூணு சார்."

"என் வலையைச் சரியாச் சொன்னீங்களா?"

"சொன்னேன் சார்."

"அப்ப பாஸ்," என்றார். பாட்டிலை மூடிக்கொண்டே, "பாட்டிலோட இருக்கேன். ஆனா இருக்கேன்ல? அடுத்தவனைப் பாட்டில் இல்லாம இருக்க வைங்க" என்றார்.

வைத்தார்கள். மேலிடக் குழு கால அவகாசம் கொடுத்தது. சித்தியின் அறைச் சுவரில் அவள் கையெழுத்திலேயே ஒரு விதி ஏறியது: வலைக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் டாக்டரைக் கூப்பிடவும், எதையும் அடைக்காதே. ஏலக்காரரில் தொடங்கி நாற்பது பேரை அப்படிப் பார்த்தார்கள். விரல் நுழைந்தவர்களுக்கெல்லாம் புது ஸ்கேன், புது வலை, புதுக் கணக்கு. எல்லோருக்கும் ஓராண்டு முடிந்து கோப்பைகளை எடை போட்டபோது, நாற்பதில் முப்பத்தாறு பேருக்கு வாய் ஈரமாக இருந்தது.

முடிவைச் சொல்ல மருத்துவமனைக் கூடத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். வெளியூர் டாக்டர்களெல்லாம் வந்திருந்தார்கள். எங்கள் குடும்பம் மூன்றாவது வரிசையில். ஆராய்ச்சி செய்தவர்களின் பெயர்களைத் திரையில் போட்டபோது நான்காவதாகச் சித்தியின் பெயர் வந்தது. அம்மா அழுதாள். கண்ணில் தூசி என்று நான் சொன்னது என் கண்ணைப் பற்றி.

எல்லாம் முடியும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து மேடைக்கு வந்தார். தொந்தி பாதி திரும்பியிருந்தது. கையில் அவருடைய பழைய முதல் வலை. யாரோ மரியாதைக்கு அவர் முன்னால் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்தார்கள். சித்தியின் கண் அந்தப் பாட்டிலில் போய் ஒட்டிக்கொண்டது.

"ஆராய்ச்சி முடிஞ்சிருச்சு, இனிமே இதை வித்துக்கலாமாம், டாக்டரம்மா உத்தரவு!" குரல் கூடத்தின் கடைசிச் சுவரில் போய் மோதியது. "ஒரு முகம்! உள்ள ஆள் இல்ல, ஆள் வெளிய நிக்கிறான்! காசெல்லாம் வேணாம்யா, கீழ்த்தளத்து அறைக்கு டீ வாங்கித் தரணும், அதான் விலை! யாரு கேக்குறீங்க?"

"பத்து டீ," என்றார் டாக்டரம்மா. அன்றைக்குத்தான் அவர் பல்லை நான் பார்த்தேன்.

"பத்து டீ, பத்து டீ, மூக்கைப் பாருங்க, இந்த மூக்குக்கே பத்து டீ போதாது, பதினஞ்சு யாரு, அந்தப் பக்கம் பதினஞ்சு, கண்ணாடிக்காரர் இருபது, வாத்தியார் கை தூக்கிட்டாரு முப்பது, முப்பது ஒரு தரம், மலிவு மலிவு, தேடுனாலும் கிடைக்காது, நாப்பது, நாப்பது டீ..."

வார்த்தை மழையாகக் கொட்டியது. மூச்சு வாங்கவில்லை, நாக்கு ஒட்டவில்லை, உதட்டை நனைக்கவில்லை. கூடம் முழுக்கச் சிரிப்பு. சித்தி மட்டும் சிரிக்காமல் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வருசம்! தினமும்!" என்று கத்தினார் கணக்கு சார்.

"ஒரு வருச டீ! ஒரு தரம்! ரெண்டு தரம்!" ஏலக்காரர் வலையை உயரத் தூக்கிப் பிடித்தார். சித்தியைத் தேடிக் கண்டுபிடித்து அவளைப் பார்த்துச் சொன்னார். "மூணு தரம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அந்த வலை இப்போது கணக்கு சாரின் கம்ப்யூட்டருக்கு மேலே, உள்பக்கம் தெரியும்படி மாட்டியிருக்கிறது.

அந்தப் பாட்டிலைச் சித்தி வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள். எண்ணெய் விட்ட தையல் மெஷின் மேல் அது நிற்கிறது, மூடியின் முத்திரை பிரிக்கப்படாமல். எங்கள் வீட்டில் நான் உப்புப் போடாத, நிறம் மாற்றாத, ஒளித்து வைக்காத பொருள் இன்னும் ஒன்று இருக்கிறதென்றால், அது அதுதான்.